வீட்டில் கட்டும் முகாம் டிரெயிலரில் ஸ்டெப்னியை எங்கே பொருத்துவது, எப்படித் தூக்குவது?

கேள்வி: தென்றல்காரன் (மெல்பர்ன்)

வணக்கம். டொயோட்டா ஹைலக்ஸ் யூட்டின் (பின்னால் சரக்குத்தட்டுள்ள வண்டி) பின்னால் இழுத்துச் செல்வதற்காக வீட்டுக் கராஜில் ஒரு முகாம் டிரெயிலரைக் கட்டி வருகிறேன். அடிச்சட்டம், அச்சு, பட்டை ஸ்பிரிங், பிரேக் எல்லாம் முடிந்து மேல்பெட்டியும் ஏறிவிட்டது. பின்கதவை மேல்நோக்கித் தூக்கினால் அடுப்பும் சமையல் மேடையும் வெளியே வருகிற, பலரும் கட்டுகிற அமைப்புதான். ஸ்டெப்னிக்கு, அதாவது பஞ்சரானால் மாற்றும் உதிரிச் சக்கரத்துக்கு மட்டும் இன்னும் இடம் முடிவாகவில்லை. கேட்கிற ஒவ்வொருவரும் ஒவ்வோர் இடத்தைக் காட்டுகிறார்கள். அந்த இடம் ஏன் என்று யாரும் சொல்வதில்லை.

அளவுகளைத் தருகிறேன். கப்ளிங்கிலிருந்து (யூட்டோடு இணையும் முன்முனை) அச்சு வரை 3 மீட்டர், அச்சிலிருந்து பின்முனை வரை 1.7 மீட்டர். தண்ணீர், படுக்கை, சமையல் சாமான்கள் என எல்லாவற்றையும் ஏற்றி எடை போட்டதில் மொத்தம் 1000 கிலோ வந்தது. அதில் 100 கிலோ டோபாலில் (யூட்டின் பின்னால் கப்ளிங் அமரும் இரும்பு உருண்டை) இறங்குகிறது. அச்சின் தாங்குதிறன் 1000 கிலோ. சக்கரங்கள் வண்டியில் உள்ளவையேதான்: 265/65 அளவு, 17 அங்குல ரிம், ஆறு ஸ்டட் (சக்கரத்தைப் பூட்டும் மரைமுளை). இரும்பு ரிம்மோடு ஒரு சக்கரம் 35 கிலோ இருக்கிறது. அதைத் தாங்கும் சட்டத்துக்கு இன்னொரு 15 கிலோ என்று வைத்துக்கொண்டால், நான் பேசுவது 50 கிலோவைப் பற்றி.

மூன்று இடங்கள் தென்படுகின்றன. பின்பக்கத்தில் கீல் போட்ட ஒரு கையில் மாட்டி, சமைக்கும்போது கதவைப்போல் ஒதுக்கித் திறப்பது ஒன்று. டிராபாரின் (பெட்டியிலிருந்து கப்ளிங் வரை நீளும் முன்சட்டம்) மேல், பெட்டிக்கு முன்னால் நிமிர்த்தி வைப்பது இரண்டாவது. ஹைலக்ஸின் அடியில் இருப்பதைப்போல் கைப்பிடியைச் சுற்றித் தூக்கும் சங்கிலி வின்ச் வைத்து, அடிச்சட்டத்துக்குக் கீழே அச்சுக்குச் சற்று முன்னால் படுக்கையாகத் தொங்கவிடுவது மூன்றாவது. என் மனம் பின்பக்கத்தின் பக்கம் சாய்கிறது. பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர அதற்கு என்னிடம் வலுவான காரணம் இல்லை.

அடுத்தது தூக்கும் சிக்கல். பயணத்தில் நானும் மனைவியும் மாறி மாறி ஓட்டுவோம். எங்களில் யார் தனியாக மாட்டிக்கொண்டாலும் அந்த 35 கிலோவை இறக்கி, பஞ்சரானதைத் திரும்ப ஏற்ற முடிய வேண்டும். இடுப்பளவு உயரத்துக்குக் கையால் தூக்கி, கூடவே ஸ்டட் துளைகளையும் தேடிப் பொருத்துவது எங்கள் இருவருக்கும் ஆகாத காரியம். அடுத்த குளிர்காலத்தில் தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா பாதையில் போவதாகத் திட்டம் என்பதால், தார்ச்சாலைக்கு மட்டும் பொருந்துகிற யோசனையாக இல்லாமல், மாரி முதல் மார்லா வரையுள்ள சுமார் 620 கிலோமீட்டர் மண்பாதையின் அதிர்வையும் தாங்குகிற வழியாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

பதில்: நெம்புகோல் (அடிலெய்டு)

வணக்கம் நண்பரே. அளவுகளோடு கேட்டதால் பதில் சொல்வது எளிதாகிறது. தூக்குவதைப் பிறகு பார்ப்போம். ஸ்டெப்னியின் இடம் என்பது முதலில் எடைக் கணக்கு. அந்தக் கணக்கு ஒத்துவராத இடத்தில் எவ்வளவு நல்ல வின்ச்சை வைத்தாலும் பயனில்லை.

டிரெயிலரின் அச்சைக் கிணற்றுத் துலாவின் தாங்குமரமாக நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக்குப் பின்னால் எடை ஏறினால் முன்முனை மேலே எழும்பும். உங்கள் 50 கிலோ பின்பக்கத்தில் மாட்டப்படும்போது அதன் மையம் அச்சிலிருந்து ஏறக்குறைய 1.8 மீட்டர் தள்ளி இருக்கும். 50-ஐ 1.8-ஆல் பெருக்கி, கப்ளிங்குக்கும் அச்சுக்கும் இடையிலுள்ள 3 மீட்டரால் வகுத்தால் 30 வருகிறது. அதாவது டோபாலின் எடை 100-லிருந்து 70 கிலோவாகக் குறைகிறது. மொத்த எடையோ 1050 ஆகிவிட்டது. மொத்த எடையில் டோபாலின் பங்கு 10 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும் என்று ஆஸ்திரேலியாவில் பொதுவாகச் சொல்லப்படுகிற விகிதம் 6.7-க்கு இறங்கிவிடும். இதில் பலரும் கவனிக்காத இன்னொன்று உண்டு. முன்னால் குறைந்த அந்த 30 கிலோ மறைந்துவிடவில்லை. ஸ்டெப்னியின் 50 கிலோவோடு சேர்ந்து அச்சின் மேல்தான் இறங்குகிறது. 900-ஆக இருந்த அச்சுச் சுமை 980 ஆகும். 1000 கிலோ அச்சில் 20 கிலோதான் மிச்சம் என்றால், ஒரு தண்ணீர்க் கேனைக் கூடுதலாக ஏற்றினாலே எல்லை வந்துவிடும்.

அதே 50 கிலோவை டிராபாரில், கப்ளிங்கிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் வைத்தால், அது அச்சுக்கு 1.8 மீட்டர் முன்னால் இருக்கும். டோபாலில் 30 கூடி 130 கிலோ ஆகும், விகிதம் 12.4. அச்சுக்கு 20 கிலோ மட்டுமே கூடி 920-இல் நிற்கும். அச்சுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் அடியில் தொங்கவிட்டால் டோபாலில் 110, அச்சில் 940, விகிதம் 10.5. எடையை மட்டும் பார்த்தால் மூன்றாவது இடமே முதலிடம் பெறுகிறது.

பின்பக்கத்தை நான் தவிர்க்கச் சொல்வதற்கு விகிதம் மட்டும் காரணமில்லை. டிரெயிலர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டத்தை அடக்குவது எவ்வளவு கடினம் என்பது, எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதன் வர்க்கத்தைப் பொறுத்தது. 60 சென்டிமீட்டரில் இருக்கும் ஸ்டெப்னியைவிட 1.8 மீட்டரில் இருக்கும் ஸ்டெப்னி இந்த வகையில் ஒன்பது மடங்கு பிடிவாதமானது. டிராபாரில் வைத்தாலும் அதே 1.8 மீட்டர்தானே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அங்கே அது டோபாலின் எடையைக் கூட்டுகிறது, பின்னால் வைத்தால் அதையே குறைக்கிறது. நெடுஞ்சாலையில் நீளமான லாரி கடந்து போகும்போது இந்த வேறுபாட்டை ஸ்டீயரிங்கிலேயே உணரலாம்.

இன்னொன்றையும் கேட்டாக வேண்டும்: இரண்டாவது ஸ்டெப்னி தேவைதானா? ஹைலக்ஸின் அடியில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, இரண்டு வண்டிகளின் சக்கரமும் ஒன்றே. தார்ச்சாலையை விட்டு இறங்காத பயணங்களுக்கு அந்த ஒன்றே போதும், 35 கிலோவை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம். ஊட்னடாட்டாவுக்கு இரண்டு வேண்டும். ஆகவே தேவைப்படாதபோது சக்கரத்தோடு சட்டத்தையும் கழற்றி வைக்கிறபடி, வெல்டிங் இல்லாமல் போல்ட்டில் நிற்கிற அமைப்பாகவே திட்டமிடுங்கள்.

பதில்: வன்னிப்பட்டறை (சிட்னி)

தம்பி, எடைக் கணக்கை நண்பர் நன்றாகவே விளங்கப்படுத்திவிட்டார். நான் இரும்பின் பக்கம் நின்று சொல்கிறேன். கனகாலமாக ரெயிலர்களை ஒட்டித் (வெல்டிங் செய்து) திருத்துவதுதான் என் தொழில்.

அடியில் தொங்கவிடும் முறை கணக்கில் வென்றாலும் மண்பாதையில் தோற்றுவிடுகிறது. உங்கள் சட்டத்தின் அடிப்பக்கம் நிலத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று நீங்கள் எழுதவில்லை. 500 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சில்லின் (சக்கரத்தின்) தடிப்பு 265, தாங்கும் தகட்டுக்கு 25. எஞ்சுவது 210 மில்லிமீட்டர். நடுவில் மேடு விழுந்த பாதையில் அது மண்ணை உரசும். குறுக்குச் சட்டங்களுக்கு இடையே 780 மில்லிமீட்டர் வெளி இருந்தால் சில்லை மேலே செருகி வைக்கலாம், ஆனால் கட்டி முடித்த ரெயிலரில் அப்படியொரு வெளி அநேகமாக இராது. காற்றுப்போன பிறகு நிலைமை இன்னும் மோசம். எந்தப் பக்கம் காற்றுப்போனதோ அந்தப் பக்கம் ரெயிலர் சரிந்து, ஸ்பெயர் சில்லை இறக்கி வெளியே இழுக்க வேண்டிய இடைவெளியை அதுவே அடைத்துவிடும். முதலில் ஜாக்கி அடித்து உயர்த்தி, பிறகு உயர்த்திய ரெயிலருக்குக் கீழே கையை விட்டுச் சில்லை இழுக்க வேண்டும். எனக்கு அதில் துளியும் விருப்பமில்லை. சங்கிலி வின்ச்சுக்குள் சேறு புகுந்து காய்ந்தால், நட்டநடு வழியில் கைப்பிடி சுற்றாது. கடையில் வாங்கிய சங்கிலி வின்ச் ஒன்று துருப்பிடித்து இறுகி, கடைசியில் சங்கிலியை வெட்டியே சில்லை எடுக்க வேண்டி வந்த ரெயிலரும் என் பட்டறைக்கு வந்திருக்கிறது.

எல்லாவற்றையும் மீறிப் பின்பக்கம்தான் வேண்டும் என்று நிற்பவர்களுக்கு ஒரு விடயம். சாதாரணக் கதவுப் பிணைச்சல் (கீல்) இந்தப் பாரத்தைத் தாங்காது. ரெயிலருக்கு விற்கிற குட்டை அச்சையும் ஹப்பையும் (அச்சில் சுழலும், சில்லைப் பூட்டும் பகுதி) வாங்கி, அச்சை நிமிர்த்திச் சட்டத்தின் மூலையில் ஒட்டி, ஹப்பில் இருந்து 50-க்கு 50, 4 மில்லிமீட்டர் தடிப்புள்ள சதுரக்குழாயைக் கையாக நீட்டினால், ஹப்புக்குள் இருக்கும் ஹோல்டன் வகைப் பேரிங் இரண்டும் அந்தப் பாரத்தை அலட்சியமாகச் சுமக்கும். கிரீஸ் வைத்து மூடினால் வருடக்கணக்கில் ஆடாது. பேரிங்கை விட முக்கியமானது கையின் மறுமுனை. கை மூடியிருக்கும்போது அந்த முனை சரிவான ஒரு தகட்டில் ஏறி அமர வேண்டும். அப்படி அமர்ந்தால் பாரத்தில் பாதி அந்தத் தகட்டுக்குப் போய்விடும். அமராமல் தாழ்ப்பாள் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால், பாதையின் ஒவ்வொரு குலுக்கலும் அச்சு ஒட்டிய இடத்தை இழுத்துப் பார்க்கும், வெடிப்பு அங்கேதான் தொடங்கும். இலக்கத் தகட்டையும் பின்விளக்குகளையும் சில்லு மறைக்கக் கூடாது. மறைத்தால் பதிவுக்கான பரிசோதனையில் திருப்பி அனுப்புவார்கள்.

உங்கள் ரெயிலரைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறை தேநீர் வைக்கவும் 50 கிலோ கையைத் திறந்து மூட வேண்டுமா என்பதையும் யோசித்துப் பாருங்கள். சாய்வான இடத்தில் நிறுத்தினால் அந்தக் கை தானாகவே மூடிக்கொள்ளப் பார்க்கும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிராபாரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

தென்றல்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. வன்னிப்பட்டறை அண்ணை ஊகித்தது சரிதான்: சட்டத்தின் அடிப்பக்கம் 510 மி.மீ. உயரத்தில் இருக்கிறது, குறுக்குச் சட்டங்கள் 600 மி.மீ. இடைவெளியில் நிற்கின்றன, தண்ணீர்த் தொட்டியும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே அடிப்பக்கம் முடிந்த கதை. பின்பக்கத்தின் அழகையும் கணக்கு கலைத்துவிட்டது.

டிராபார் என்றால் எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. இறுக்கமாகத் திரும்பும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் யூட்டின் மூலை ஸ்டெப்னியில் இடிக்குமா? யூட்டின் பின்தட்டி கீழே விழுந்து திறக்குமே, அதற்கு இடம் இருக்குமா? இன்னொன்று, டிராபார் 100-க்கு 50 குழாய் இரண்டு சேர்ந்த முக்கோணம். அதன்மேல் எதையாவது வெல்டிங் செய்து பலவீனப்படுத்திவிடுவேனோ என்ற அச்சமும் இருக்கிறது. தூக்குவதற்குச் சிறிய கைவின்ச் ஒன்றை நிறுத்தலாம் என்று நினைக்கிறேன். படகு டிரெயிலர்களில் இருப்பது மலிவாகக் கிடைக்கிறது, அது போதுமா?

பதில்: நெம்புகோல்

இடிக்குமா என்பதை ஓர் அளவுநாடாவால் தீர்த்துவிடலாம். டோபாலின் மையத்திலிருந்து யூட்டின் பின்பம்பர் மூலை வரை அளந்து பாருங்கள். ஹைலக்ஸின் பாதி அகலம் 930 மி.மீ. அளவில் இருக்கும், டோபால் பம்பருக்குப் பின்னால் கால் மீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும் என்றால் அந்தத் தூரம் 960 மி.மீ. அளவுக்கு வரும். எந்தக் கோணத்தில் திரும்பினாலும் மூலை அந்த வட்டத்தைத் தாண்டி வராது. ஸ்டெப்னியின் முன்முகம் கப்ளிங்கிலிருந்து 1060 மி.மீ.க்குப் பின்னால் இருந்தால் மேடுபள்ளத்தில் மூக்கு ஏறி இறங்குவதற்கும் இடம் விட்டதாகிவிடும். நான் 1.2 மீட்டர் என்று கணக்கில் எடுத்தது சக்கரத்தின் மையத்தை. குறுக்காக நிமிர்த்தி வைத்த 265 மி.மீ. அகலச் சக்கரத்தின் முன்முகம் அப்போது 1067-இல் நிற்கும். பின்தட்டிக்கும் அதே நாடாதான்: தட்டி முழுவதும் விழுந்த நிலையில் அதன் நுனி டோபாலைத் தாண்டி எவ்வளவு பின்னால் வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்டெப்னியைவிட ஜாக்கி வீலின் (டிராபாரைத் தாங்கும் சிறு முன்சக்கரம்) கைப்பிடிதான் முதலில் இடிக்கும்.

130 கிலோ டோபால் எடை ஹைலக்ஸுக்குப் பெரிய பாரமில்லை என்றாலும், அதைச் சற்றுக் குறைப்பது நல்லது. முன்பெட்டியில் பேட்டரியும் கருவிகளுமாக 25 கிலோ இருந்தால், அவற்றை 1.5 மீட்டர் பின்னுக்குத் தள்ளி அச்சின் அருகே வையுங்கள், 12.5 கிலோ குறைந்து 117 அளவில் வந்து நிற்கும். மாற்றியபின் மறுபடி எடை போட்டுவிடுங்கள்.

வெல்டிங் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானதே. டிராபார் மேலும் கீழுமாக வளைகிறபோது அதிகமான இழுவிசை வருவது குழாயின் மேல்முகத்திலும் அடிமுகத்திலும்தான். அந்த முகங்களில் குறுக்காக ஓட்டிய வெல்டிங், அலையலையான மண்பாதையில் நாள் முழுக்கக் குலுங்கும்போது வெடிப்புக்கு வழி திறந்துவிடும். இரண்டு குழாய்களின் மேலும் குறுக்காக ஓர் ஆங்கிளைப் (எல் வடிவ இரும்பு) போட்டு, அடியில் தகடு கொடுத்து, குழாயைச் சுற்றிவரும் யு-போல்ட்டுகளால் இறுக்கிவிடுங்கள். குழாயில் துளையும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். நான் முன்பு சொன்ன, கழற்றி வைக்கும் வசதியும் கிடைத்துவிடுகிறது. முதல் நாள் மண்பாதை முடிந்ததும் அந்த யு-போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். பெயின்ட் நசுங்கியதில் சற்றுத் தளர்ந்திருக்கும்.

பதில்: செம்புழுதி (பெர்த்)

வின்ச் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் கைகள் உடைகின்றன. படகு டிரெயிலரின் சாதாரணக் கைவின்ச்சில் பற்சக்கரமும் அதைப் பிடிக்கும் ஒரு தாழும் மட்டுமே உண்டு. ஏற்றும்போது தாழ் காப்பாற்றும். இறக்க வேண்டுமானால் அந்தத் தாழைக் கையால் விலக்கியாக வேண்டும். விலக்கிய கணத்திலிருந்து 35 கிலோவையும் தாங்குவது உங்கள் கைப்பிடி மட்டும்தான். கை நழுவினால் கைப்பிடி சுழன்று வந்து மணிக்கட்டில் அடிக்கும். படகைச் சரிவில் இழுப்பதற்குச் செய்த பொருள் அது, தொங்கும் எடைக்குச் செய்ததல்ல. தொங்கவிடுவதானால், கைப்பிடியை விட்டாலும் எடை அங்கேயே நிற்கும்படி தானியங்கிப் பிரேக் உள்ள வின்ச்சாகக் கேட்டு வாங்குங்கள். கம்பிக்கயிற்றின் நுனியில் வீட்டிலேயே கிளிப் போடுவதைவிட, தொழிற்சாலையில் அழுத்திக் கண்ணி போட்ட கயிறாக வாங்கிவிடுவது மேல்.

வின்ச்சை நிறுத்த ஒரு கம்பமும் வேண்டும். 48 மி.மீ. வெளிவிட்டமுள்ள சாதாரண இரும்புக் குழாயில் அரை மீட்டர் கையை நீட்டி, நுனியில் கப்பி வைத்தால் 35 கிலோவுக்குத் தாராளமாகப் போதும். அந்தக் கம்பம் நிற்பதற்கு ஆங்கிளோடு சேர்ந்த ஒரு குழல் இருந்தால், வேலை முடிந்ததும் உருவி உள்ளே வைத்துவிடலாம். இவ்வளவையும் விளக்கியபின், உங்களுக்கு வின்ச்சே தேவைப்படாது என்று சொன்னால் கோபப்படாதீர்கள்.

டிராபாரின் மேல்பக்கம் நிலத்திலிருந்து 450 அல்லது 500 மி.மீ. உயரத்தில்தான் இருக்கும். சக்கரத்தைத் தூக்குவதை விட்டுவிட்டு உருட்டி ஏற்றுங்கள். மண்ணில் புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் போடும் பிளாஸ்டிக் மீட்புப் பலகைகளை ஊட்னடாட்டாவுக்கு எப்படியும் எடுத்துச் செல்வீர்கள். அந்தப் பலகை 1.15 மீட்டர் நீளம் இருக்கும். அதன் ஒரு முனையை டிராபாரில் சாய்த்து, நழுவாமலிருக்க ஒரு கொக்கியில் மாட்டிவிட்டால், 35 கிலோ சக்கரத்தைச் சரிவில் உருட்டி ஏற்றுவதற்குத் தேவையான தள்ளு 14 கிலோ அளவுதான். இறக்கும்போது சக்கரத்தின் கீழ்ப்பக்கத்தில் நிற்காமல், பக்கவாட்டில் நின்று மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

ஏறிய சக்கரம் உட்காருவதற்கு ஒரு தொட்டில் செய்யுங்கள். சக்கரத்துக்குக் குறுக்காகப் போட்ட இரண்டு ஆங்கிள்களுக்கு இடையே 300 மி.மீ. விட்டால் டயரின் அடிப்பகுதி அந்த இடைவெளியில் இறங்கித் தானே நின்றுவிடும். எடை முழுவதும் தொட்டிலில் இருக்கிறது, பின்னால் நிற்கும் தூணின் வேலை சக்கரம் சாயாமல் பிடிப்பது மட்டுமே. தூணில் ஸ்டட் வைக்காதீர்கள். தேய்ந்த டயரின் மையம் புது டயரின் மையத்தைவிடச் சில மில்லிமீட்டர் கீழே இருக்கும்; பஞ்சரான டயர் எப்படி உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது; துளைகளைத் தேடிக்கொண்டு இருட்டில் நிற்பீர்கள். ஹைலக்ஸ் ரிம்மின் நடுத்துளை 106 மி.மீ. இருக்கும். அதன் வழியாக 20 மி.மீ. மரைக்கம்பி ஒன்றை நீட்டி, வெளியே 130 மி.மீ. வட்டத் தகட்டை வைத்து ஒரே நட்டால் இறுக்கினால், மையம் மேலே கீழே நகர்ந்தாலும் பொருட்படுத்தாது. நட்டு கழன்றாலும் சக்கரம் விழாமலிருக்க, ரிம்மின் துளை வழியாக ஒரு சங்கிலியைப் போட்டுப் பூட்டிவிடுங்கள். திருட்டுக்கும் அதுவே காவல்.

தூணின் நீளத்தையும் இப்போதே சரியாகக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். ரிம்மின் பொருத்துமுகம் (ஹப்பில் ஒட்டி உட்காரும் முகம்) டயரின் நடுக்கோட்டில் இருப்பதில்லை. ஹைலக்ஸ் ரிம்மில் அது ஏறத்தாழ 30 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி இருக்கிறது. டயரின் பாதி அகலம் 132, அதோடு 30 சேர்த்தால், பொருத்துமுகத்துக்குப் பின்னால் டயர் 162 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும். தூணிலிருந்து நீளும் தாங்கி அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் தூணில் ஒட்டிய ரப்பரில் லேசாக அழுந்தி நிற்கும், கடகடவென்ற ஆட்டம் இராது. அளவாக அழுந்தினால் போதும்.

முன்னால் வைத்த ஸ்டெப்னி யூட்டின் பின்சக்கரங்கள் வீசும் கற்களை வாங்கும். டயருக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது, ஆனால் தட்டையான முகத்தில் பட்டுத் திரும்பும் கல் யூட்டின் பின்கண்ணாடியைத் தேடி வரும். டிராபாரின் மேல் சாய்வாக ஒரு வலைத்துணிக் காப்பைக் கட்டினால் கல் கீழ்நோக்கித் திரும்பிவிடும். வால்வை முன்பக்கம் பார்க்க வைக்காதீர்கள். அதே நேரத்தில் காற்றழுத்தம் பார்க்கும் கருவி எட்டும்படியும் இருக்க வேண்டும்.

பதில்: புதுமுகம்77 (பிரிஸ்பேன்)

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். என்னுடையது பிரேக் இல்லாத சின்ன டிரெயிலர், எல்லாம் ஏற்றி 700 கிலோ, டோபாலில் 70. ஸ்டெப்னி சின்னது, சட்டத்தோடு 25 கிலோதான். இதே கணக்கு எனக்கும் பொருந்துமா?

பதில்: நெம்புகோல்

பொருந்தும், உங்களுக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். இணைத்த நிலையில் டிரெயிலரின் சக்கரங்கள் சுமக்கும் எடை 750 கிலோவைத் தாண்டும்படி டிரெயிலரின் தகுதி இருந்தால் இங்கே பிரேக் கட்டாயம். 4.5 டன் வரையுள்ள டிரெயிலர்களைக் கட்டுபவர்களுக்கான வி.எஸ்.பி. 1 கையேட்டில் அந்த வரம்புகள் எல்லாம் இருக்கின்றன, கட்டத் தொடங்கும் முன் படித்துவிடுங்கள். இப்போது உங்கள் சக்கரங்களில் 630 கிலோ இருக்கிறது. ஸ்டெப்னியை எங்கே வைத்தாலும் 750-க்குள்தான் இருப்பீர்கள். ஆனால் உங்கள் காருக்குப் பிரேக் இல்லாத டிரெயிலரை இழுக்கத் தயாரிப்பாளர் தந்திருக்கும் வரம்பு தனி. சிறிய கார்களில் அது 750-ஐ விடவும் குறைவாக இருக்கும், 725 கிலோ மொத்த எடை அதற்குள் அடங்குகிறதா என்பதைத்தான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டும்.

பதில்: வன்னிப்பட்டறை

உருட்டி ஏற்றும் யோசனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இனி என்னிடம் வருபவர்களுக்கும் அதையே சொல்லப் போகிறேன். அச்சில் பூட்டும்போதும் தூக்கத் தேவையில்லை. ஹப்பின் முன்னால் சில்லை நிறுத்தி, அதன் அடியில் மண்வாரியின் (ஷவல்) அலகைச் செருகி, பிடியைக் காலால் மெல்ல அழுத்தினால் சில்லு நாலு விரல் உயரும். இரண்டு கைகளும் ஸ்டட்டைப் பார்த்துப் பொருத்தச் சும்மா இருக்கும். ஸ்பெயர் சில்லை இறக்கும் வேலையை ஜாக்கி அடிப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள், யூட்டிலிருந்து ரெயிலரைக் கழற்றாமல் கைப்பிரேக் போட்டு, மறுபக்கச் சில்லுக்குக் கட்டையும் வையுங்கள். ஜாக்கியில் நிற்கும் ரெயிலரின் மூக்கில் இருந்து 35 கிலோவை எடுத்தால் பாரம் இடம் மாறும்.

இரண்டு வண்டிக்கும் ஒரே சில்லு என்று நம்பிப் புறப்படும் முன் வீட்டு முற்றத்திலேயே ஒரு தடவை மாற்றிப் பூட்டிப் பாருங்கள். ஆறு ஸ்டட்டும் 139.7 மில்லிமீட்டர் வட்டமும் ஒத்துப்போனாலும், ரெயிலர் ஹப்பில் பலமுறை அரை அங்குல ஸ்டட் இருக்கும். ஹைலக்ஸில் 12 மில்லிமீட்டர். நட்டுகள் ஒன்றுக்கொன்று ஏறாது, ஸ்பேனர் அளவும் மாறலாம். டொயோட்டாவின் அலாய் ரிம்முக்கு வரும் தட்டையான முகமுள்ள நட்டு, இரும்பு ரிம்மின் கூம்புக் குழியில் சரியாக அமராது. இரும்பு ரிம்மை ஹைலக்ஸில் பூட்ட நேர்ந்தால் கூம்பு நட்டு ஆறு தனியாக வேண்டும். அவற்றை ஒரு பையில் போட்டு வீல் ஸ்பேனரோடு கட்டி வையுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. வெயிலில் வருடக்கணக்காக நிற்கும் ஸ்பெயர் டயர் தேயாமலேயே வெடித்துப்போகும் என்பதால், உறை போட்டு மூடி, மற்றச் சில்லுகளோடு முறை வைத்து மாற்றிப் பூட்டி வாருங்கள்.

தென்றல்காரன்

அளந்துவிட்டேன். பம்பர் மூலை 955 மி.மீ., தட்டி விழும்போது ஜாக்கி வீலின் கைப்பிடியில்தான் இடிக்கிறது, அதைச் சுழற்றிப் படுக்கவைத்தால் இடம் இருக்கிறது. வின்ச் வாங்கவில்லை. ஆங்கிளுக்கும் யு-போல்ட்டுக்கும் இன்று சொல்லிவிட்டேன். ரெயிலர் ஹப்பில் இருப்பது அண்ணை சொன்னபடி அரை அங்குல ஸ்டட்தான், ஆகவே இரண்டு வகை நட்டும் பையில் இருக்கும். தொட்டிலைக் கட்டி முடித்து, எடை போட்டபின் டோபாலில் வருகிற எண்ணை இங்கே எழுதுகிறேன்.